பத்துக்குப் பதினோரு அடி அறை

9 ஜூன் 2025, திங்கள்

இன்றும் அந்த எவர்சில்வர் டம்ளர். முதலாளி சென்னப்பன் அதில் முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, என் தோள் உயரம் இருக்கிற ஸ்பீக்கரின் தலையில் வைத்தார். பாட்டு ஆரம்பித்ததும் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. பாப்பாரப்பட்டியிலிருந்து வந்தவர், அவர் மாமனார், மச்சான், மூன்று பேரும் குனிந்து தண்ணீரையே பார்த்தார்கள். பாட்டை யாரும் கேட்கவில்லை. மச்சான் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டு, "இங்க அதிருது மாமா" என்றார். அடுத்த மாதம் புதுவீடு பால் காய்ச்சுகிறார்களாம். எதிர் வரிசையில் பங்காளி வீடு. அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆட வேண்டுமாம். அதற்காகத்தான் ஸ்பீக்கர்.

விற்றாயிற்று. அவர்கள் போனதும் டம்ளர் தண்ணீரை முதலாளி ஒரே மடக்கில் குடித்தார். விளிம்பில் பாக்குச் சிவப்பு. டம்ளரைக் கழுவி வைப்பது என் வேலை.

என் அட்டையில் இருப்பது வேறு. ‘ஒலியியல் ஆலோசகர், பி.எஸ்சி. இயற்பியல்.’ எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்பதால் அம்மா ஓர் அட்டையை வாங்கிப் போய் முருகன் படத்துச் சட்டத்தில் செருகியிருக்கிறாள். சாமிக்கு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு. ‘அன்பரசி’யில் பாதி குங்குமத்துக்குள் போய்விட்டது.

11 ஜூன், புதன்

யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

மாடியில் டெமோ அறை. தரையில் கார்ப்பெட், சுவரில் பஞ்சு, ஜன்னல் கிடையாது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதால் சாக்ஸ் நாற்றம், அதன் மேல் ஜவ்வாது ஸ்பிரே. முதலில் சின்ன ஸ்பீக்கரைப் போடுவோம். பிறகு அதே பாட்டைப் பெரியதில். பெரியதற்கு மாற்றும்போது முதலாளி, "இப்பக் கேளுங்க" என்பார். எனக்கு அதுதான் அடையாளம். மேசைக்கு அடியில் என் மடியில் ரிமோட் இருக்கும். மூன்று அழுத்து. மூன்று டெசிபல் ஏறும்.

மூன்று டெசிபல் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது. தெளிவு என்று சொல்லும். ‘ஆகா, குரல் எப்படி வருது பாரு’ என்று சொல்லும். இதைக் கல்லூரியில் படித்தபோது அழகான விஷயமாக இருந்தது.

வேலைக்கு எடுத்த அன்று முதலாளி சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "வாயே தொறக்காத புள்ள. டெமோவுக்கு இதான் கரெக்ட்."

ஸ்பீக்கர் பொருத்தப் போகிற ஜாவீத் அண்ணனிடம் ஒருநாள், இது தப்பில்லையா என்று கேட்டேன். "நான் ஒயரு மட்டும்தான் இழுக்கறேன். ஒயருக்குப் பாவம் கிடையாது தங்கச்சி" என்றார். சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

14 ஜூன், சனி

காரிமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். தீர்த்தகிரி. அறுபதை ஒட்டி இருக்கும். போர்வெல் லாரியில் முப்பது வருடம், ராஜஸ்தான் வரை போயிருக்கிறார். இடது காது அநேகமாக இல்லை. வலது காது பாதி. யாராவது பேசினால் உடம்பையே திருப்பி வலது பக்கத்தைக் கொடுக்கிறார்.

நான் சட்டைக் காலருக்குள் பேசுகிற ஆள். அறை எவ்வளவு பெரியது என்று கேட்க மூன்று முறை ஆயிற்று. "சத்தமா கேளு பாப்பா. திட்டற மாதிரி கேளு" என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

மஞ்சப்பையிலிருந்து ஆடியோகிராம் எடுத்துக் காட்டினார். காது எவ்வளவு கேட்கிறது என்பதற்கான கோடு. காகிதத்தின் வலது பக்கம் போகப் போக மலை இறங்குவது போல் இறங்குகிறது. அந்தப் பக்கத்தில்தான் ச, த, க எல்லாம் இருக்கின்றன. வார்த்தையை வார்த்தையாக்குகிறவை. சேலத்து டாக்டர், மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், சத்தம் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"லாரில பூரா நாளும் பாட்டு ஓடும். கம்ப்ரஸர் ஓடறப்ப ராகம் மட்டும்தான் வரும். முப்பது வருசமா எனக்கு ஒரு பாட்டுக்கும் வார்த்தை தெரியாது பாப்பா. கொறைச்சு வெச்சு, வார்த்தை கேக்கணும். அவ்ளோதான்."

இந்தக் கடையில் வார்த்தை வேண்டும் என்று கேட்ட முதல் ஆள். முதலாளியும் பக்கத்தில்தான் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

18 ஜூன், புதன்

காரிமங்கலம் போய் அறையை அளந்தேன். மொட்டை மாடியில் தனியாகக் கட்டியிருக்கிறார். பத்துக்குப் பதினோரு அடி. உயரமும் பத்து. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. கை தட்டினால் பளீரென்று திரும்பி வருகிறது. மூன்று பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் மூன்று பக்கத்து அதிர்வும் ஒரே இடத்தில் சேரும். கனமான ஒலி எதைப் போட்டாலும் இந்த அறை குமுறும்.

அவர் மனைவி ராணியம்மாள் மோர் கொண்டுவந்தார். "கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நான் பேசுனது ஒண்ணு இவரு காதுல வுழுந்ததில்ல. இப்ப பாட்டு கேக்க வூடு கட்டறாரு" என்றார். தீர்த்தகிரி அய்யா என்னைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்றார். நல்லா இருக்குன்னு சொல்றாங்க என்றேன். முதல் முறையே கேட்டுவிட்டது!

படிவத்தில் எழுதினேன்: சின்ன ஜோடி. ஸ்டாண்டில், காது உயரத்துக்கு. ஐந்தடி தள்ளி நாற்காலி. பின்சுவரில் பஞ்சு மெத்தை. பெரியது வேண்டாம். அதில் மேலும் கீழுமாக நாலு வாய். அவை ஒன்று சேர்ந்து ஒரு குரலாக ஆக ஒன்பது, பத்தடி தூரம் வேண்டும். அந்தத் தூரம் இங்கே இல்லை. பெரியது உயிரோடு ஒலிக்கச் சத்தமும் வேண்டும். அது இவருக்குக் கூடாது. ‘கேட்கும் சத்தம்’ என்ற இடத்தில் ‘குறைவு’க்கு டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாக இருந்தது. படித்தது எதற்கோ ஆகியிருக்கிறது.

19 ஜூன், வியாழன்

படிவத்தில் அறையின் 10 இப்போது 16. பூஜ்யத்துக்கு ஒரு கொம்பு முளைத்திருக்கிறது. ‘குறைவு’ டிக்கை அடித்துவிட்டு ‘அதிகம்’. என் மேசையில் கிடந்த என் பேனாவாலேயே. கீழே என் கையெழுத்து அப்படியே.

நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை முதலாளி பார்த்தார். "சின்னதக் குடுத்தா அவருக்குத்தான் அசிங்கம். நாலு பேரு வந்து பாப்பாங்கல்ல" என்றார். பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

21 ஜூன், சனி

டெமோ அறையில் சின்ன ஜோடியைப் போட்டபோது தீர்த்தகிரி அய்யா கண்ணை மூடிக்கொண்டார். உதடு லேசாக அசைந்தது. வார்த்தையைப் பிடிக்கிறார். பிடித்துவிட்டார். "இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"இருங்க, அவசரப்படாதீங்க. இப்பக் கேளுங்க."

மூன்று அழுத்து.

அவர் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், மலரத்தான் செய்யும். பிறகு அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு. படிச்ச புள்ள. எது?"

நான் தலையை ஆட்டினேன். பெரியதைப் பார்த்து. வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

கட்டைவிரலைத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அழுக்கு எதுவும் இல்லை என்று தெரிந்துதான்.

27 ஜூன், வெள்ளி

ஜாவீத் அண்ணனோடு பொருத்தப் போனேன். ஏணிப்படியில் தூக்கி ஏற்ற நாலு பேர். அறைக்குள் வைத்ததும் இரண்டு பேர் குறுக்கே நிற்பது போல் இருந்தது. அய்யா சுவரோடு ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று.

பாட்டு வைத்தோம். கும்ம்ம் என்று ஒன்று கிளம்பி மூலையில் மாட்டிக்கொண்டு போகவே இல்லை. குறைத்து வைத்தால் குரல் அதற்குள் முங்கிப் போகிறது. "ரூமே மேளமாயிடுச்சு. உள்ள நாம உக்காந்திருக்கோம்" என்று ஜாவீத் அண்ணன் முணுமுணுத்தார். கீழேயிருந்து ராணியம்மாள், அலமாரிப் பாத்திரம் எல்லாம் தானாகப் பேசுகிறது என்று கத்தினார்.

அய்யா சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். "இப்ப கொஞ்சம் வார்த்தை வருது" என்றார்.

டெசிபல் மீட்டர் என் கையில். அவர் நாற்காலியில் தொண்ணூற்று நாலு. திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

த்தூ.

12 ஜூலை, சனி

போன் செய்தார். நான்தான் எடுத்தேன். ஏற்றி வைத்தால்தான் வார்த்தை வருகிறதாம், அதுவும் பாதி. எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்றேன். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். காசு போட்டு வாங்கியாச்சே, பழகப் பழகக் கேட்குமென்று.

குறைச்சு வைங்க அய்யா என்றேன். "என்ன பாப்பா? கேக்கல." கொறைங்க. "கேக்கலயே."

முதலாளி போனைப் பிடுங்கினார். ஒரு சப்வூஃபர் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும், கடைக்கு வாங்க, கேட்டுப் பாருங்க என்றார். சப்வூஃபர் என்பது கனத்த ஒலிக்கு மட்டுமே ஆன பெட்டி. கனத்த ஒலியிலேயே மூச்சு முட்டுகிற அறைக்கு. பந்தியில் வாந்தி எடுப்பவன் முன்னால் இன்னொரு இலையைப் போட்டுச் சோறு வைக்கிற மாதிரி.

எனக்கு முதலாளி மேல் மட்டும் அருவருப்பு என்றால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ரோட்டில் எங்கள் கடை பிளெக்ஸ். ‘ஆடி அதிரடி. உங்கள் அறைக்கேற்ற ஸ்பீக்கர், அறிவியல் முறையில்.’ இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நான். பயோடேட்டாவில் ஒட்டிய போட்டோவை எடுத்து, யாருடைய உடம்பிலோ கோட்டு மாட்டி என் தலையை வைத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை.

அம்மா பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். பக்கத்தில் பூ விற்கிறவரிடம், எம்பொண்ணுதான் என்று சொன்னாளாம். பூக்காரம்மா ஒரு முழம் சும்மாவே கொடுத்தாராம்.

சாயங்காலம் நான் தாண்டிப் போகும்போது என் கன்னத்தில் யாரோ வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். தாடை வரை வழிந்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. சரியான இடத்தில்தான் துப்பியிருக்கிறார்கள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே ஒகேனக்கலுக்குப் போய்விட்டது. அம்மாவும் பக்கத்து வீட்டாரோடு வேனில் ஏறிவிட்டாள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன்.

நாளை தீர்த்தகிரி அய்யா கடைக்கு வருகிறார். ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். போனில் மீட்டரை வைத்து அளந்தேன். நாற்பத்தெட்டு. திரும்பச் சொன்னேன். நாற்பத்தேழு.

அவருக்கு இது கேட்கவே கேட்காது.

கடிதமாக எழுதிக் கொடுத்தால்? கோழை. பிறகு முதலாளி, அது வேறு ஆளுக்கு எழுதியது என்பார். வேலை போய்விட்டால்? அம்மா அந்தப் பூக்காரம்மாவிடம் என்ன சொல்வாள்?

4 ஆகஸ்ட், திங்கள்

நடந்தது நடந்தபடி.

பதினோரு மணிக்குத் தீர்த்தகிரி அய்யாவும் ராணியம்மாளும் வந்தார்கள். டெமோ அறையில் ஏற்கெனவே அந்தப் பாப்பாரப்பட்டி மச்சான், அவர் வீட்டுக்கு இன்னொரு ஜோடி பார்க்க வந்து, சோபாவில் இருந்தார். அய்யா வரும்போதே "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டுதான் படி ஏறினார். ஜூனில் வந்தபோது அப்படி இல்லை.

ராணியம்மாள் புது ஆடியோகிராமை என்னிடம் கொடுத்தார். பழையதும் கூடவே இருந்தது. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வலது காதுக் கோடு இறங்கியிருந்தது. ஒரு விரல் அகலம். "டாக்டர் திட்டறாரு. எங்க போயி நின்னீங்கன்னு கேக்கறாரு. எங்கயும் போகல சாமி, மாடி ரூம்ல பாட்டுதான் கேக்கறாருன்னேன்" என்றார்.

முதலாளி அந்தக் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஸ்பீக்கர் தலையில் டம்ளரை வைத்தார். சப்வூஃபர் இல்லாமல் பாட்டு ஒரு முறை ஓடியது. பிறகு சப்வூஃபரின் விளக்கைப் போட்டார்.

"இப்பக் கேளுங்க."

நான் அழுத்தவில்லை.

இருமினார். "இப்ப... கேளுங்க."

ரிமோட்டை மேசைக்கு மேலே எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். எழுந்து, பாட்டை நிறுத்திவிட்டு, அய்யாவின் வலது பக்கம் போய்ச் சொன்னேன். என் நாற்பத்தெட்டு டெசிபலில்.

"என்ன பாப்பா?"

திரும்பச் சொன்னேன்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க, டீ சாப்புடறீங்களான்னு கேக்குது" என்றார் முதலாளி.

அந்தப் பொய்தான். எவ்வளவு சின்னப் பொய், எவ்வளவு சுலபமாக வருகிறது. வாந்திதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது வேறு.

"அன்னிக்கு சத்தத்த ஏத்துனது நாந்தான்! பெருசு நல்லா இருந்ததுனால உங்களுக்கு அப்படிக் கேக்கல. நான் ரிமோட்டுல ஏத்துனேன். உங்க ரூமு பத்துக்குப் பதினொண்ணு. அதுக்கு அது ஆகாது. கொறைச்சு வெச்சுக் கேக்கறதுக்கும் ஆகாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தலைய ஆட்டுனேன்."

கீழே கடை வரை கேட்டிருக்கிறது. ஜாவீத் அண்ணன் கையில் ஒயரோடு படியில் வந்து நின்றார். டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது, அதை ஏனோ கவனித்தேன்.

முதலாளி சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மச்சான் மட்டும் என்னிடம், "அப்ப எங்களுக்கும் ஏத்துனீங்களா?" என்றார். ஏத்துனேன் என்றேன். சட்டைப் பொத்தானைத் தொட்டார். "பரவால்ல. கண்ணாடி ஆடத்தான் ஆடுது" என்றார்.

தீர்த்தகிரி அய்யா இரண்டு காகிதத்தையும் என் கையிலிருந்து வாங்கி, மடித்து, மஞ்சப்பையில் வைத்தார்.

"அன்னிக்கு நான் உன்னத்தான கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். படி இறங்கிப் போனார்கள். மன்னிச்சுக்கங்க என்று நான் சொன்னது பழைய குரலில்தான் வந்தது. அவருக்குக் கேட்டிருக்காது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வேலை இல்லை. முதலாளி நேற்றே சொல்லிவிட்டார். "வாய்க்குள்ள இவ்ளோ சத்தத்த வெச்சுக்கிட்டு ஊமை மாதிரி இருந்தியே" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

ஜாவீத் அண்ணன் போன் செய்தார். பிளெக்ஸிலிருந்து என் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்களாம். கோட்டுப் போட்ட உடம்பு நிற்கிறதாம். "ஓட்டை வழியா போஸ்ட் கம்பம் தெரியுது தங்கச்சி. பழைய மூஞ்சிக்கு அது தேவல" என்றார். இந்த முறை சிரித்ததில் தப்பில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அத்தன பேரு முன்னாடியா? மெதுவா சொல்லியிருக்கலாமில்ல புள்ள" என்றாள்.

"மெதுவா சொன்னா அவருக்குக் கேக்காதும்மா."

முருகன் படத்திலிருந்து அட்டையை எடுத்துவிட்டாள். எங்கே போட்டாள் என்று கேட்கவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

பாப்பாரப்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மை நாற்றம். ஆனால் வைத்தது வைத்தபடி வெளியே வருகிறது. பத்தைப் பதினாறாக்குவதில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

ராணியம்மாள் நேற்று கூப்பிட்டார். கூப்பிட்டது அவர்தான், அய்யா இல்லை. "அளக்கற டேப்ப எடுத்துக்கினு வா" என்று மட்டும் சொன்னார்.

கீழே ஹாலில், வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பெரிய ஸ்பீக்கர்கள் நின்றன. கடையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்களாம். ஒன்றின் மேல் பிளாஸ்டிக் பூஞ்சாடி, இன்னொன்றில் மடித்த துணி. வருகிறவர்களெல்லாம், புது மாடல் பீரோவா என்று கேட்கிறார்களாம்.

மாடியில் சேலத்திலிருந்து வாங்கிவந்த சின்ன ஜோடி, பெட்டி பிரிக்காமல் இருந்தது. அய்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. நான் அளந்தேன். ஸ்டாண்டுகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளினேன். நாற்காலியை ஐந்தடிக்கு இழுக்க வேண்டும் என்றபோது எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். நானும் ராணியம்மாளும் ஒரு பழைய பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து நிறுத்தினோம். கை தட்டிப் பார்த்தேன். திரும்பி வரவில்லை.

இறங்கிய கோடு இனி ஏறாது. அதை அவரும் அறிவார், நானும் அறிவேன். எதை வைத்தாலும் முன்பு கடையில் கண்ணை மூடிக் கேட்டாரே, அந்த அளவு இனி வராது.

சின்னதாக வைத்தேன். மீட்டர் அறுபத்திரண்டு. திரையை அவர் பக்கம் திருப்பி நாற்காலிக் கையில் வைத்தேன். அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"கையக் காட்டு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். காட்டிவிட்டு, அவருக்குத் தெரிகிற மாதிரி, மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்பக் கேளுங்க" என்றேன். சத்தமாக.